பரலில் இருந்து டொலுயீன் இறக்கும்போது புனலைத் தொட்டால் சுள்ளென்று அடிக்குது. என்ன பிழை?

மைக்கலவை (கொழும்பு 14)

வணக்கம். மூன்று கலர் ரோட்டோ அச்சு மெஷின், மிக்சர் முறுக்கு பைக்கற்றுக்கான படலம் அடிக்கிற சின்ன இடம். மைக்குக் கரைப்பானாக டொலுயீனும் ஐபிஏயும் (ஐசோபுரொப்பைல் அல்கஹோல்) கலந்து போடுகிறோம். டொலுயீன் 200 லீற்றர் பரலாக வரும். பின்னறையில் நாலு பரல் வரைக்கும் நிற்கும். அங்கேயே கைப்பம்ப் போட்டு, ஹோஸ் வழியாக அலுமினியப் புனல் வைத்த 20 லீற்றர் வெள்ளைப் பிளாஸ்டிக் கேனுக்குள் இறக்குவோம்.

இந்தக் கிழமை மட்டும் இரண்டு தரம் புனலைத் தொட்ட பையனுக்குச் சுள்ளென்று அடித்திருக்கிறது. கரண்ட் கசிவோ என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. எர்த் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எதில் இருந்து எதற்கு வயர் போடுவது? கொழும்புக் காற்றில் இவ்வளவு ஈரம் இருக்க இந்த நிலைமின் வரவே வராது என்கிறார் ஒருத்தர், அது சரியா?

அறை 5 மீற்றருக்கு 4 மீற்றர். ஜன்னல் இல்லை. கூரையோடு ஒட்டி 12 அங்குல எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்று ஓடுது. பின்சுவருக்கு அடுத்த பக்கம் சாப்பாட்டுக் கடையின் குசினி. தீயணைக்க 5 கிலோ காபனீரொட்சைட்டு சிலிண்டர் ஒன்று மட்டும்தான் இருக்கிறது.

---

ஆவியழுத்தம்

முதல் வேலை: அந்தக் கேனையும் புனலையும் இன்றைக்கே நிறுத்துங்கள். மீதியை ஆறுதலாகச் செய்யலாம், இது ஆறப்போடுகிற விஷயம் இல்லை.

காரணம் சொல்கிறேன். டொலுயீன் மின்னைக் கடத்தாத திரவம். ஹோஸுக்குள் ஓடும்போதும் மேலிருந்து கொட்டும்போதும் அதில் மின்னேற்றம் பிரியும். அந்த ஏற்றம் வெளியேற வழி இல்லாவிட்டால் அப்படியே தங்கும். ஐபிஏ கலந்தபின் அந்தக் கலவை ஏற்றத்தை ஓரளவு சீக்கிரம் இறக்கிவிடும். தனி டொலுயீன் இறக்காது, நீங்கள் பரலில் இருந்து எடுப்பதோ தனி டொலுயீன். அதன் வழியில் பிளாஸ்டிக் கேனின் வாயில் உட்கார்ந்திருக்கிறது அலுமினியப் புனல். உலோகம், ஆனால் எதோடும் தொடர்பில்லை. ஏற்றத்தைச் சேர்த்துவைத்து, விரல் கிட்ட வந்ததும் ஒரே பாய்ச்சலில் கொடுக்கும். புனலே இல்லாத பிளாஸ்டிக் கேனைவிட இது மோசம்.

ஒரு சின்னக் கணக்கு. புனலின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் திறன்) 20 பிகோஃபரட் அளவு என்று வையுங்கள். அது 10,000 வோல்ட்டுக்கு ஏறினால் பொறியின் சக்தி 1 மில்லிஜூல். டொலுயீன் ஆவியைப் பற்றவைக்க ஏறத்தாழ கால் மில்லிஜூல் போதும். மனித உடம்பு 150 பிகோஃபரட் அளவு, சுள் என்று உணர 3,000 வோல்ட் அளவு வேண்டும். அதுவே 0.7 மில்லிஜூல் வருகிறது. பையன் 'ஆ' என்று கையை இழுத்த அந்தக் கணத்தில் தேவையானதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய பொறி கேன் வாயில் பாய்ந்திருக்கிறது. பற்றாமல் போனதற்குக் காரணம், அந்தப் புள்ளியில் ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் இருக்கவில்லை என்பது மட்டும்தான்.

அந்த விகிதம்தான் கொழும்பில் பெரிய சிக்கல். டொலுயீன் ஆவி காற்றில் 1.1 வீதத்தில் இருந்து 7.1 வீதம் வரை இருந்தால் எரியும். மூடிய பாத்திரத்துக்குள் 30 பாகை செல்சியஸில் திரவத்துக்கு மேலே நிற்கும் ஆவி கிட்டத்தட்ட 4.8 வீதம். நட்டநடு! 4 பாகைக்குக் கீழே போனால்தான் ஆவி போதாது, 38 பாகை தாண்டினால்தான் மிஞ்சும். எங்கள் ஊர் வருடம் முழுக்க 24க்கும் 33க்கும் இடையில். பெற்றோல் தாங்கிக்குள் ஆவி மிஞ்சி நிற்பதால் உள்ளே எரியாது. இன்னொரு மைக் கரைப்பானான எதைல் அசற்றேற்றும் அப்படித்தான், 30 பாகையில் 15 வீதம் போய் அதன் மேல் எல்லையான 11.5ஐத் தாண்டிவிடும். டொலுயீன் பரலும் கேனும் மட்டும் பகலும் இரவும் உள்ளுக்குள்ளேயே எரியத் தயாரான காற்றோடு நிற்கின்றன. பாதி காலியான பரல் நிறைந்ததைவிட ஆபத்து என்பது இதனால்தான்.

---

வத்தளை வயர்மேன்

வயர் விஷயத்தை நான் சொல்லுறன்.

பிளாஸ்டிக் கேனைத் தூக்கிப் போட்டிட்டு, ஸ்பிரிங் மூடியும் வாயில கம்பி வலையும் உள்ள இரும்புக் கேன் எடுங்கோ. 20 லீற்றர் அளவிலயே கிடைக்கும். அந்த வலையைச் சில பேர் 'ஊத்தக் கஷ்டம்' எண்டு குத்திக் கழட்டுவினம். அதுதான் வெளிநெருப்பு உள்ளுக்குப் போகாமல் மறிக்கிறது, கையே வைக்கக்கூடாது.

பரலில் இருந்து கேனுக்கு ஒரு வயர், பரலில் இருந்து கட்டடத்தின்ர எர்த் பட்டிக்கு இன்னொரு வயர். முதலாவதுதான் முக்கியம். இரண்டு உலோகமும் ஒரே மின்னழுத்தத்தில் நிண்டால் இடையில பொறி வராது. எர்த் மட்டும் போட்டுக் கேனை விட்டால் பிரயோசனம் இல்லை.

பற்றரிக் கிளிப் சரிவராது. பரல் பெயின்ற் அடிச்சது, கிளிப் பெயின்ற்றுக்கு மேலதான் கடிச்சுக் கொண்டு நிக்கும். கூரான முனை உள்ள இறுக்கிற கிளாம்ப் எடுத்து, பரலின்ர மேல் விளிம்பில பெயின்ற் துளைக்கிற வரைக்கும் திருகுங்கோ. கேனுக்கும் அப்படித்தான், கைப்பிடியில போடாதேங்கோ, கைப்பிடி ஆடும். வயர் மெல்லிசானாலும் பரவாயில்லை, ஓடுற மின்னோட்டம் மைக்ரோ அம்பியர் கணக்கு. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் இழுபடுறதால அறுந்து போகும். அதால பின்னல் செம்பு வயர், உறை இல்லாதது. உறை இருந்தால் உள்ளுக்கு அறுந்தது தெரியாது.

மல்ற்றிமீற்றரால பாருங்கோ: பரலின்ர வெறும் உலோகத்தில இருந்து எர்த் பட்டிக்கு 10 ஓமுக்குக் கீழ வரவேணும். நிலைமின்னுக்கு மெகா ஓம் இருந்தாலே போதும், ஆனால் உலோகத்துக்கு உலோகம் போட்ட வயரில 10 ஓமுக்கு மேல காட்டினால் எங்கேயோ துரு அல்லது தளர்வு எண்டு அர்த்தம். தண்ணிக் குழாயில எர்த் கொடுக்காதேங்கோ. கொழும்பில இப்ப கனக்க இடத்தில பிவிசி.

ஒழுங்கு: கிளாம்ப் இரண்டையும் போட்டபிறகுதான் பரலின்ர மூடியைத் திறக்கிறது. பெரிய 2 அங்குல மூடியில பம்ப். சின்ன ¾ அங்குல மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காத்துப் போக விடுங்கோ. வேலை முடிஞ்சு இரண்டு மூடியையும் இறுக்கினபிறகு கடைசியாகக் கிளாம்ப். பையன்கள் இதை மாத்திச் செய்வினம், கவனம். கிளாம்ப் கழருற இடத்தில பொறி வரலாம், அந்த நேரம் மூடி திறந்திருக்கக்கூடாது.

ஹோஸின்ர முனையைக் கேன் வாய் வலை விடுற மட்டுக்கும் கீழ விட்டு இறக்குங்கோ, மேலிருந்து சொரியவேண்டாம். வேகமும் பாருங்கோ. எப்பவும் செக்கனுக்கு 1 மீற்றருக்குக் கீழ. 1 அங்குல ஹோஸில 20 லீற்றரை ஒரு நிமிஷத்தில இறக்கினால் 0.7 மீற்றர்தான் வரும், சரி. அதே அளவை அரை அங்குல ஹோஸில தள்ளினால் 2.6. ஹோஸும் சாதாரண பிவிசி இல்லாமல் உள்ளுக்குக் கம்பி ஓடுற, இரண்டு முனையிலயும் தொடர்பு உள்ள சொல்வென்ற் ஹோஸாக இருக்கவேணும். டொலுயீன் பிவிசியை ஊறவைச்சு விறைக்கப் பண்ணும், பிறகு வெடிச்சு ஒழுகும்.

கொம்பிரெசர் காத்தை விட்டுப் பரலை அமுக்கி வெளியில எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். பரல் அழுத்தத்துக்குச் செய்த பாத்திரம் இல்லை. அதோட உள்ளுக்கு எரிகிற காத்தை நீங்களே தள்ளுறீங்கள்.

---

பழைய ஸ்டோர்கீப்பர்

வயர்மேன் தம்பி சொன்னது சரி. ஆனால் இரும்புக் கேன் விலை எல்லாருக்கும் கட்டாது. பிளாஸ்டிக் கேனுக்குள் ஒரு செம்புக் கம்பியை இறக்கி எர்த் பண்ணினால் போதுமே? கொழும்பின் ஈரத்துக்கு நிலைமின் பெரிதாக ஏறாது என்பதும் அனுபவத்தில் பார்க்கிறதுதானே.

---

ஆவியழுத்தம்

ஐயா, இரண்டும் பாதி சரி. பாதி சரி என்பதுதான் இங்கே பொல்லாதது.

ஈரம் 70, 80 வீதம் இருக்கும்போது துணி, மேசை, பிளாஸ்டிக்கின் வெளிப்புறம் இவற்றில் மெல்லிய நீர்ப்படலம் படிந்து ஏற்றம் வழிந்துவிடும். ஆனால் டொலுயீனுக்குள் இருக்கிற ஏற்றத்துக்கும் வெளியில் உள்ள ஈரத்துக்கும் தொடர்பில்லை. ஹோஸுக்குள் ஈரக்காற்று போவதில்லையே. படலம் சுருங்காமல் இருக்க ஏசி போட்டால் அந்த அறையில் ஈரம் 50க்கு இறங்கிவிடும், பிறகு வெளிப்புறப் பாதுகாப்பும் கிடையாது.

கம்பி இறக்குவது திரவத்தின் ஏற்றத்தைக் குறைக்கும், உண்மை. அடிவரை போகவேண்டும், ஊற்றத் தொடங்குமுன் உள்ளே இருக்கவேண்டும், முடிந்து அரை நிமிடமாவது கழித்துத்தான் எடுக்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கம்பியே பொறி பாயும் முனையாகிவிடும். கேனின் சுவரில் ஏறிய ஏற்றமோ கம்பிக்கு வராது. துணியால் துடைத்தாலே ஏறும். ஐபிஏக்குப் பிளாஸ்டிக் கேன் வைத்திருங்கள், டொலுயீனுக்கு வேண்டாம். மெஷின் பக்கத்தில் மைத்தட்டுக்குள் டொலுயீன் விட வைத்திருக்கிற பிளாஸ்டிக் கோப்பையையும் மறக்கவேண்டாம், அதற்குப் பதில் இரும்புக் கோப்பை.

இன்னொன்று, ரப்பர் செருப்பு. டைல்ஸ் தரையில் ரப்பர் செருப்போடு நடக்கிற ஆளும் அந்தப் புனலும் ஒன்றுதான், இரண்டும் தரையோடு தொடர்பில்லாத உலோகம் மாதிரி. ஏற்றம் கடத்தும் அடிப்பாகம் உள்ள பாதுகாப்புச் சப்பாத்து வேண்டும். படலம் சுருட்டும் ரோலருக்குப் பக்கத்தில் வேலை செய்துவிட்டு நேரே பரலுக்கு வருகிற ஆள்தான் அதிகம் ஏறியிருப்பார். பரலைத் தொடுமுன் சற்றுத் தள்ளி, எர்த் ஆன வெறும் இரும்பு ஒன்றைத் தொட்டுவிட்டு வரப் பழக்குங்கள்.

---

மைக்கலவை

நன்றி அண்ணை, நன்றி ஐயா. கேன் நிறுத்தியாச்சு. ஃபேன் பற்றியும் சொல்லுங்கள். மணம் பெரிதாக இல்லை, அதனால் காற்றோட்டம் பரவாயில்லை என்று இருந்தோம்.

---

தெமட்டகொடை டக்ட்

மணத்தை வைத்து அளக்கவேண்டாம். டொலுயீன் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே மணக்கும், அரை மணி நேரத்தில் மூக்கு பழகி மணக்காது. எரியத் தொடங்கும் அளவு 11,000 பங்கு. உடம்புக்கு எட்டு மணி நேரத்துக்கு உகந்தது 20 பங்கு என்று அமெரிக்கத் தொழில்நல வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஎச் வைத்திருக்கிறது. 500 பங்கு உடனடி ஆபத்து. இந்த மூன்றுக்கும் நடுவில் மூக்கு ஒரு வித்தியாசமும் சொல்லாது.

1 லீற்றர் டொலுயீன் முழுக்க ஆவியானால் 30 பாகையில் ஏறத்தாழ 235 லீற்றர் ஆவி. அதை எரியும் அளவின் காற்பங்குக்குக் கொண்டுவர 85 கனமீற்றர் காற்று வேண்டும். உங்கள் அறை 3 மீற்றர் உயரம் என்றால் மொத்தம் 60 கனமீற்றர்தான். 20 பங்குக்குக் கொண்டுவர 11,000 கனமீற்றருக்கு மேல் வேண்டும். நெருப்புக்குப் போதுமான காற்றோட்டம் சுவாசத்துக்குப் போதாது. அதனால்தான் கசியாமல் மூடிவைப்பது ஃபேனைவிட முக்கியம்: மைத்தட்டுக்கு மூடி, கேனுக்கு மூடி, பரலுக்கு மூடி.

உங்கள் ஃபேன் காற்றின் அளவில் பிழை இல்லை. தரையின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் நிமிடத்துக்கு 0.3 கனமீற்றர் என்று பார்த்தால் 20 சதுர மீற்றருக்கு மணிக்கு 360 போதும், 12 அங்குல ஃபேன் அதைவிட அதிகம் இழுக்கும். பிழை இடத்தில். டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து கதவடியால் மெஷின் பக்கம் போகும். கூரை ஃபேன் நல்ல காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். தகட்டு டக்ட் ஒன்றைத் தரையில் இருந்து 30 சென்ரிமீற்றருக்குள் இறக்கி, எதிர்ச்சுவரில் காற்று உள்ளே வர வழி விடுங்கள். உள்வழி இல்லாத ஃபேன் சும்மா சுழலும்.

அந்த ஃபேனின் மோட்டரே ஆவி போகிற பாதையில் நிற்கிறது. சாதாரண மோட்டர் அங்கே கூடாது. மோட்டரை டக்டுக்கு வெளியில் வைத்துப் பட்டியால் இழுக்கும் வகை, அல்லது வெடிப்புத் தடுப்பு முத்திரை உள்ளது. வெளிவாய் கூரைக்கு மேலே போகட்டும், சாப்பாட்டுக் கடைக் குசினி ஜன்னலுக்கு நேரே திறந்துவிடாதீர்கள். அறைக்குள் இருக்கிற சுவிட்ச், பிளக், நீட்சி வயர் எல்லாம் வெளியே வரவேண்டும். கதவில் 10 சென்ரிமீற்றர் உயரச் சீமெந்துத் திட்டு ஒன்று கட்டுங்கள், கொட்டினால் வெளியே ஓடாது. தடுக்கி விழாமல் இருக்க மஞ்சள் பூசிவிடுங்கள்.

மெஷினின் காயவைக்கும் பெட்டியையும் பாருங்கள். உள்ளே மின்சுருள் என்றால், இழுக்கும் ஃபேன் ஓடாமல் சுருள் சூடாகக்கூடாது என்று இணைப்புப் போட்டிருக்கிறதா? டொலுயீன் 480 பாகையில் பொறியே இல்லாமல் தானாகப் பற்றும், சிவந்த சுருள் அதைத் தாண்டும்.

---

நுளம்புத்திரி

கேட்காத இரண்டு மூன்று விஷயம். இந்தப் பக்கம் உள்ள அச்சுக்கூடங்களில் பொறி பெரும்பாலும் பரலில் இருந்து வருவதில்லை. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு ஏற்றும் விளக்கு, சாம்பிராணி, பின்னேரம் மேசைக்குக் கீழே கொளுத்தும் நுளம்புத்திரி, கரண்ட் போனால் மெழுகுதிரி. தரையோடு தவழும் ஆவிக்கு மேசைக்குக் கீழே உள்ள நுளம்புத்திரியைவிடச் சரியான இடம் கிடையாது. படத்தை முன்னறைக்கு மாற்றுங்கள், அல்லது பல்ப் விளக்கு போடுங்கள். சாமி கோபிக்காது.

தீயணைப்பு: காபனீரொட்சைட்டு மின்பலகைக்கு நல்லது. கொட்டிய டொலுயீனில் ஒரு கணம் அணைத்துவிட்டு, வாயு கலைந்ததும் சூடான தகட்டில் இருந்து திரும்பப் பற்றும். நுரை வேண்டும், அதிலும் அல்கஹோலைத் தாங்கும் நுரை. தனி டொலுயீனுக்குச் சாதாரண நுரை பிடிக்கும், ஆனால் உங்கள் மையில் ஐபிஏ இருக்கிறது, அது சாதாரண நுரையை உடைத்துவிடும். கூடவே உலர் தூள் சிலிண்டர் ஒன்று. எல்லாம் கதவுக்கு வெளியே, பரலுக்குப் பக்கத்தில் இல்லை. தண்ணீர் பீய்ச்சக்கூடாது. டொலுயீன் மிதந்து எரிந்துகொண்டே கான் வழியாகப் போகும். இன்னொன்று, இன்னும் பற்றாமல் ஆவி மட்டும் நிற்கும் இடத்தில் 'முன்னெச்சரிக்கைக்கு' என்று காபனீரொட்சைட்டை அடிக்கவே கூடாது. சிலிண்டர் வாயில் வரும் பனித்துகளே நிலைமின்னை உண்டாக்கும்.

கொட்டினால்: அறைக்குள் எந்த சுவிட்சையும் தொடவேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியில் உள்ள மெயினை அணையுங்கள். குசினிக்காரருக்குச் சொல்லி காஸ் அடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். உலர்ந்த மணல் போட்டு உறிஞ்சவையுங்கள். மரத்தூள் வேண்டாம், அது திரி மாதிரி எரியும். கானுக்குள் கழுவவே கூடாது, கொழும்பின் மூடிய கான்களில் ஆவி இரண்டு வீடு தள்ளிப் போய்ப் பற்றும். பெரிதாகக் கொட்டினாலோ பற்றினாலோ 110 தீயணைப்பு, ஆள் மயங்கினால் 1990 அம்புலன்ஸ்.

வாயால் உறிஞ்சி ஹோஸில் இறக்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடவேண்டும். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே ஆபத்து. விழுங்கியவரை வாந்தி எடுக்கப் பண்ணாதீர்கள், வரும்போது நுரையீரலுக்குள் போகும். கையில் போடும் மெல்லிய நைட்ரைல் உறை டொலுயீனில் சில நிமிடத்தில் ஊறிவிடும், தெறித்ததும் கழற்றி எறிகிற அளவுக்குத்தான். கை மையைக் கழுவ டொலுயீன் வேண்டாம், சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சவர்க்காரம். துணி முகக்கவசம் ஆவிக்கு ஒன்றும் செய்யாது. பழுப்புப் பட்டி போட்ட ஏ வகை வடிகட்டி உள்ள அரைமுகக் கவசம்தான் வேண்டும்.

துடைத்த துணி மூடி உள்ள இரும்புத் தொட்டியில், ஒவ்வொரு நாளும் வெளியே. நைட்ரோசெலுலோஸ் மை பாவித்தால் சுரண்டிய காய்ந்த மையைத் தண்ணீரில் நனைத்து வையுங்கள், காயவிட்டால் தானாகவே சூடேறும். மைக்கழிவும் பழைய டொலுயீனும் மாநகர சபைக் குப்பைக்குப் போகக்கூடாது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் பட்டியலிட்ட கழிவு உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

---

மைக்கலவை

எல்லாத்துக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: காலிப் பரல் ஆறு கிடக்கு. வெட்டித் தண்ணீர்த் தொட்டி செய்ய ஒருத்தர் கேட்கிறார். கிரைண்டரால் வெட்டுவாராம். மூடியைத் திறந்து ஒரு கிழமை வெயிலில் வைத்தால் காய்ந்துவிடுமா?

---

ஆவியழுத்தம்

கொடுக்காதீர்கள். வெயிலில் காயாது. பரலின் அடி விளிம்பு மடிப்புக்குள் நூறு மில்லிலீற்றர் தேங்கி நிற்கும், வெளியே தெரியாது. 200 லீற்றர் பரல் முழுவதையும் எரியும் நிலைக்குக் கொண்டுவர 10 மில்லிலீற்றரே போதும். கிரைண்டர் முதல் பொறி விடும்போது அடித்தட்டு கழன்று பறக்கும், வெட்டுகிறவர் அதன் மேல்தான் குனிந்து நிற்பார். காலிப் பரலின் இரண்டு மூடியையும் இறுக்கி, ஒட்டியிருக்கிற லேபிளைக் கிழிக்காமல், நிறைந்த பரல் மாதிரியே வைத்து, கொண்டுவந்த கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். தண்ணீருக்கென்றால் அந்த ஆளுக்கு வேறு பரல் கிடைக்கும்.